இரண்டு பொட்டலமும் ஒரு புட்டியும்: வீட்டுத் தோட்டத்திற்கான உயிர் உரத் தொகுப்பு ஒன்றின் மதிப்புரை

இணையக் கடையொன்றில் முப்பது வெள்ளிக்குச் சற்றுக் குறைவான விலைக்கு விற்கப்படும் உயிர் உரத் தொகுப்பு ஒன்றை வாங்கி, சிங்கப்பூரில் என் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் பால்கனித் தொட்டிகளிலும் எங்கள் வட்டாரச் சமூகத் தோட்டத்தில் எனக்கு ஒதுக்கப்பட்ட பாத்தியிலும் பயன்படுத்திப் பார்த்த பிறகு இம்மதிப்புரையை எழுதுகிறேன். தொகுப்பில் மூன்று பொருள்கள் உள்ளன: பயறு வகைகளுக்கான வேர்முடிச்சு நுண்ணுயிர் கலந்த கறுப்புப் பொடி ஒரு பொட்டலம், அசோஸ்பைரில்லம் என்னும் நுண்ணுயிர் அடங்கிய திரவம் ஒரு புட்டி, பேசில்லஸ் என்னும் நுண்ணுயிரின் வித்துகள் கலந்த வெளிர்நிறப் பொடி இன்னொரு பொட்டலம். விற்பவரின் பெயரை வேண்டுமென்றே தவிர்த்திருக்கிறேன். ஏறக்குறைய இதே சேர்க்கை பல பெயர்களில் விற்பனையில் இருப்பதால், உள்ளே இருப்பது எது, அது எதைச் செய்யக்கூடியது என்று எடைபோடுவதே வாங்குவோருக்குப் பயன்படும்.

அப்படி எடைபோட வேண்டுமானால் அந்த நுண்ணுயிர்களின் மரபணுக்களைப் பற்றிக் கொஞ்சமாவது தெரிந்திருக்க வேண்டும். இரசாயன உரப் பையில் அச்சிட்டிருக்கும் மூன்று எண்கள் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து எவ்வளவு என்பதைச் சொல்லிவிடுகின்றன. உயிர் உரத்தில் சொல்லத்தக்க அளவில் சத்து எதுவும் கிடையாது. சத்தை உருவாக்கவோ கரைக்கவோ வேரைத் தூண்டவோ வல்ல உயிர்கள்தாம் அதில் இருக்கின்றன. அந்த வல்லமை அவற்றின் மரபணுக்களில் இருக்கிறது. உரிய மரபணு இல்லாவிட்டால், அல்லது இருந்தும் இயங்காவிட்டால், நாம் காசு கொடுத்து வாங்கியது வெறும் மாவும் தண்ணீருமே. உயிரியல் பாடம் நடத்துபவன் என்பதால் இந்தக் கோணத்திலிருந்துதான் என்னால் இப்பொருளைப் பார்க்க முடிகிறது. என் கணிப்பில், மூன்றில் ஒன்று கொடுத்த காசுக்கு முழுமையாகத் தகும். இன்னொன்று சில நிபந்தனைகளோடு தகும். மூன்றாவது பயனுள்ளதுதான், ஆனால் விளம்பரத்தில் சொல்லப்படும் காரணத்துக்காக அன்று.

முதலில் கறுப்புப் பொடி. பயறு வகைச் செடிகளின் வேர்முடிச்சுகளிலிருந்து நுண்ணுயிரைத் தனியே பிரித்து வளர்த்துக் காட்டியவர் நெதர்லாந்தைச் சேர்ந்த மார்ட்டினஸ் பெயரிங்க், ஆண்டு 1888. அடுத்த எட்டே ஆண்டுகளில், 1896இல், ஜெர்மனியில் நோபெ, ஹில்ட்னர் ஆகிய இருவரும் "நைட்ரஜின்" என்ற பெயரில் இத்தகைய நுண்ணுயிர் வளர்ப்புக்குக் காப்புரிமை பெற்று விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். இந்த வரலாற்றை இங்கே சொல்லக் காரணம் உண்டு: ஒரு பயற்றின் வேரில் முடிச்சிடும் நுண்ணுயிர் இன்னொரு பயற்றில் முடிச்சிடாமல் போகலாம் என்பதை அறிந்து, அவர்கள் பயிருக்குப் பயிர் தனித்தனி வளர்ப்புகளை விற்றார்கள். நான் வாங்கிய பொட்டலத்திலோ "அனைத்துப் பயறுகளுக்கும் ஏற்றது" என்று ஒரே வரி. நூற்றிருபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட அறிவு அந்த ஒரு வரியில் காணாமல் போயிருக்கிறது.

ஒரே நுண்ணுயிர் எல்லாப் பயறுக்கும் ஏன் பொருந்தாது என்பதற்கு மரபணுக்களில் தெளிவான விடை இருக்கிறது. பயறுச் செடியின் வேர், மண்ணுக்குள் ஃபிளாவனாய்டு என்னும் சேர்மங்களைக் கசியவிடுகிறது. நுண்ணுயிரில் உள்ள நாட்-டி என்ற மரபணுவின் புரதம் அந்தச் சேர்மத்தை உணர்ந்து, நாட்-ஏ, நாட்-பி, நாட்-சி உள்ளிட்ட ஒரு கூட்டம் மரபணுக்களை இயக்குகிறது. அவை கைட்டின் சங்கிலியும் கொழுப்பு அமிலமும் சேர்ந்த ஒரு சிறு மூலக்கூற்றைக் கட்டுகின்றன. அதற்கு "நாட் காரணி" என்று பெயர். அந்த மூலக்கூற்றைத் தன்னுடையது என்று வேர் அடையாளம் கண்டுகொண்டால்தான் வேர்மயிர் சுருண்டு, நுண்ணுயிரை உள்ளே அனுமதிக்கும். குதிரைமசாலுடன் வாழும் சினோரைசோபியம் மெலிலோட்டியில் நாட்-எச் என்னும் ஒரு மரபணு, இந்தக் காரணியின் மீது ஒரு சல்ஃபேட் தொகுதியை ஏற்றுகிறது. அந்த ஒரு மரபணு பழுதானால் குதிரைமசால் அந்நுண்ணுயிரைத் தள்ளிவிடுகிறது. வேறொரு பயறான வெட்ச்சோ ஏற்றுக்கொள்கிறது. ஒரு மரபணுவின் மாற்றத்தில் விருந்தாளியின் வீடே மாறிவிடுகிறது என்றால், எந்தக் கிளைவகை (ஒரே இனத்துக்குள் மரபணுக்களில் வேறுபடும் வகை) என்றுகூடக் குறிப்பிடாமல் "அனைத்துப் பயறுகளுக்கும்" என்று எப்படி எழுதலாம்?

இருந்தும் இந்தப் பொடி எனக்கு ஏமாற்றம் தரவில்லை. நான் விதைத்தது பயற்றங்காய். அது தட்டைப்பயற்றின் இனம். பிராடிரைசோபியம் குடும்பத்தின் பல உறுப்பினர்களை அதிகம் ஆராயாமல் ஏற்றுக்கொள்ளும் இயல்புடையது. ஊரில் செய்வதைப் போலவே ஆறிய அரிசிக் கஞ்சியில் பொடியைக் குழைத்து, விதைகளை அதில் புரட்டி, நிழலில் உலர்த்தி விதைத்தேன். பக்கத்துத் தொட்டிகளில் அதே விதை, அதே மண் கலவை, நேர்த்தி மட்டும் இல்லை. செடிகள் பூக்கத் தொடங்கிய சமயம் இரண்டு வகையிலும் சிலவற்றைப் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் மெல்ல அலசிப் பார்த்தேன். நேர்த்தி செய்த செடிகளில், தண்டுக்குச் சற்றுக் கீழே ஆணிவேரை ஒட்டியே முடிச்சுகள் கொத்தாக இருந்தன. மிளகைவிடப் பெரியவை சில. நேர்த்தி செய்யாதவற்றிலும் முடிச்சுகள் இல்லாமல் இல்லை, ஆனால் சிறியவை. பக்க வேர்களில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறியிருந்தன. பழைய பிளேடால் ஒரு பெரிய முடிச்சை இரண்டாக வெட்டியபோது உள்ளே பச்சை இறைச்சியின் இளஞ்சிவப்பு தெரிந்தது. விரலில் தேய்த்தால் அந்த நிறம் ஒட்டிக்கொண்டது.

அந்தச் சிவப்புத்தான் நாம் பார்க்க வேண்டிய அடையாளம். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிளந்து அம்மோனியாவாக்கும் நைட்ரோஜனேஸ் என்னும் நொதியை, நிஃப்-எச், நிஃப்-டி, நிஃப்-கே ஆகிய மூன்று மரபணுக்கள் உருவாக்குகின்றன. அதற்கு இரும்பும் மாலிப்டினமும் சேர்ந்த ஓர் உலோக மையத்தைப் பொருத்த இன்னும் பல நிஃப் மரபணுக்கள் உழைக்கின்றன. கிளெப்சியல்லா என்ற நுண்ணுயிரில் இவை ஏறக்குறைய 20 மரபணுக்கள் கொண்ட ஒரே தொடராக அமைந்திருக்கின்றன. அந்தத் தொடர் முழுவதையும் 1972இல் ரே டிக்சனும் ஜான் போஸ்ட்கேட்டும் ஈ.கோலி என்னும் குடல் நுண்ணுயிருக்கு மாற்றி, அதையும் நைட்ரஜன் நிலைப்படுத்த, அதாவது காற்று நைட்ரஜனை அம்மோனியாவாக்க, வைத்தார்கள். இவ்வளவு அருமையான நொதி, ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆகவே செடி தன் பங்குக்கு லெக்ஹீமோகுளோபின் என்னும் சிவப்புப் புரதத்தை முடிச்சுக்குள் நிரப்பி, ஆக்சிஜனை அளவோடு வைத்திருக்கிறது. முடிச்சின் உள்ளே சிவப்பாக இருந்தால் நிஃப் மரபணுக்கள் வேலை செய்கின்றன என்று கொள்ளலாம். வெளிறியோ பச்சையாகவோ இருந்தால் முடிச்சு இருந்தும் பயனில்லை. இந்தச் சோதனைக்கு ஒரு பிளேடு போதும் என்பதால், இப்பொடியை வாங்கும் ஒவ்வொருவரும் ஒரே ஒரு செடியையாவது இதற்காகத் தியாகம் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பொட்டலத்தில் இன்னொரு குறை. கடைகளில் கிடைக்கும் தொட்டி மண் கலவைகளில் பெரும்பாலும் உரம் ஏற்கெனவே கலந்திருக்கும். மண்ணில் நைட்ரேட் மிகுந்திருந்தால் செடி முடிச்சு இடுவதையே குறைத்துக்கொள்ளும்; கிடைக்கும் சத்தை விட்டுவிட்டு, முடிச்சுக்குள் இருக்கும் உயிர்களுக்குத் தன் சர்க்கரையைச் செலவிட அதற்கு என்ன தேவை? இந்த எச்சரிக்கையைப் பொட்டலத்தில் நான்கு சொற்களில் அச்சிட்டிருக்கலாம். நான் வீட்டுத் தொட்டிகளில் உரம் சேர்க்காத கலவையைத் தென்னை நார்க்கழிவுடன் சேர்த்துப் பயன்படுத்தினேன். சமூகத் தோட்டத்துப் பாத்தியில், கோழி எரு நிறைய இட்டிருந்த இடத்தில், முடிச்சுகள் மிகக் குறைவாகவே தோன்றின.

பாத்தியில் ஒருமுறை இட்ட நுண்ணுயிர் என்னவாகிறது என்று எங்கள் தோட்டத்து அக்கா ஒருவர் கேட்டார். "தம்பி, இது செத்துப் போச்சுன்னா அடுத்த பருவத்துக்கு மறுபடியும் வாங்கணுமா?" நல்ல கேள்வி. நியூசிலாந்தில் சல்லிவன், ரான்சன் ஆகியோர் 1995இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வியப்பான விடை ஒன்றைத் தருகிறது. மீசோரைசோபியம் என்னும் வேர்முடிச்சு நுண்ணுயிரின் ஒரே ஒரு கிளைவகையை இட்டுப் பயிர் செய்த நிலத்தில், சில ஆண்டுகள் கழித்து முடிச்சுகளைத் திறந்து பார்த்தபோது, உள்ளே இருந்தவற்றில் பல, இட்ட கிளைவகை அல்ல. அந்த மண்ணிலேயே முன்பிருந்து வாழ்ந்த உயிர்கள். இட்ட நுண்ணுயிரின் குரோமோசோமிலிருந்து ஏறக்குறைய 500 கிலோபேஸ் (ஐந்து லட்சம் டிஎன்ஏ எழுத்துகள்) நீளமுள்ள ஒரு மரபணுத் துண்டு அப்படியே அவற்றுக்குத் தாவியிருந்தது. முடிச்சிடவும் நைட்ரஜன் நிலைப்படுத்தவும் தேவையான மரபணுக்கள் அந்தத் துண்டில் மொத்தமாக இருக்கின்றன. எனவே, பயறு திரும்பத் திரும்ப விளையும் பாத்தியில் ஆண்டுதோறும் வாங்க வேண்டிய கட்டாயம் இல்லை. புது மண் நிரப்பும் தொட்டிகளுக்கு மட்டும் வாங்கினால் போதும். இதை அக்காவிடம் சொன்னதும் அவர் தமக்கான பொட்டலத்தை வாங்காமல், என் பாத்தியிலிருந்து ஒரு கூடை மண்ணை எடுத்துக்கொண்டார். அது முற்றிலும் சரியான முடிவு.

இனி அசோஸ்பைரில்லம் புட்டி. விளம்பரத்தின் மையமே இதுதான்: "காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடிக்கு ஊட்டும், உரச் செலவு பாதியாகும்." பிரேசிலில் ஜோஹன்னா டோபரைனர் புல்வகைப் பயிர்களின் வேர்களில் இவற்றைத் தேடிக் கண்டு ஆராய்ந்த காலத்திலிருந்தே இந்த எதிர்பார்ப்பு வளர்ந்து வந்திருக்கிறது; 1978இல் இவ்வினத்திற்கு இப்போதுள்ள பெயர் வழங்கப்பட்டது. அசோஸ்பைரில்லத்தில் நிஃப் மரபணுக்கள் இருப்பது உண்மை. ஆனால் முடிச்சு என்ற பாதுகாப்பான அறை இதற்கு இல்லை. வேரின் மேற்பரப்பிலும் இடுக்குகளிலும் திறந்த வெளியில் வாழ்கிறது. ஆக்சிஜன் மிகக் குறைந்த இடத்தில் மட்டும், அதுவும் சுற்றிலும் அம்மோனியம் இல்லாதபோது மட்டும் அதன் நிஃப் மரபணுக்கள் இயங்கும். அம்மோனியம் கலந்த உரத்தை ஊற்றினாலோ, மரபணுக்கள் அடங்குவதோடு நில்லாமல், ஏற்கெனவே உருவான நைட்ரோஜனேஸ் நொதியின் மீதே ஒரு வேதித் தொகுதியை ஒட்டி அதைச் சில நிமிடங்களில் முடக்கும் ஏற்பாடும் இவ்வுயிரிடம் இருக்கிறது. டிரா-டி என்னும் மரபணு முடக்குகிறது. அம்மோனியம் தீர்ந்ததும் டிரா-ஜி விடுவிக்கிறது. ஒரு நைட்ரஜன் மூலக்கூற்றை மாற்ற உயிரணுவுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறுகள் 16 செலவாகும் என்பதை நினைத்தால், தேவையில்லாதபோது இந்தச் செலவை உடனே நிறுத்தும் ஏற்பாடு அவ்வுயிருக்கு இன்றியமையாதது.

இந்தப் பின்னணியில் புட்டியின் பயன்பாட்டுக் குறிப்பைப் படித்தால் வருத்தமாக இருக்கிறது. "உங்கள் வழக்கமான திரவ உரத்துடன் கலந்து ஊற்றலாம்" என்று அச்சிட்டிருக்கிறார்கள். எந்த வேலைக்காக வாங்குகிறோமோ அந்த வேலையை நிறுத்தச் சொல்லும் குறிப்பு அது. அமெரிக்காவில் 2019 முதல் சோளத்திற்கு விற்கப்படும் பிவட் பயோ நிறுவனத்தின் நுண்ணுயிர், நிஃப்-எல் என்னும் தடுப்பு மரபணுவை நீக்கி, உரமிட்ட வயலிலும் நிஃப் மரபணுக்கள் தொடர்ந்து இயங்கும்படி திருத்தப்பட்டது. ஆனால் என் கையிலுள்ள புட்டி, மரபணு மாற்றம் எதுவும் செய்யப்படாதது என்று தெளிவாகச் சொல்கிறது. அப்படியானால் உரத்தோடு கலக்கச் சொல்வது எப்படிப் பொருந்தும்?

இவ்வளவு சொன்னபிறகும் அசோஸ்பைரில்லத்தை நான் ஒதுக்கவில்லை. அதன் மெய்யான பலம் வேறிடத்தில் உள்ளது. ஐபிடி-சி என்ற மரபணு, டிரிப்டோஃபான் அமினோ அமிலத்திலிருந்து இண்டோல் அசெட்டிக் அமிலம் என்னும் ஆக்சினை உருவாக்கும் பாதையில் முக்கியமான நொதியைத் தருகிறது. ஆக்சின் வேருக்கான வளர்ச்சி ஊக்கி. பக்க வேர்களும் வேர்மயிர்களும் பெருகுகின்றன. பெருகிய வேர் அதிக நீரையும் சத்தையும் உறிஞ்சுகிறது. இந்தப் பயன், உரம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடைக்கும். கங்கோங், பாண்டான் துண்டுகளை நட்ட தொட்டிகளில் இதைத் தெளிவாகக் கண்டேன். திரவத்தில் நனைத்து நட்ட கங்கோங் துண்டுகளின் கணுக்களில் வேர்கள் வெண்ணிறப் பஞ்சுபோல் அடர்ந்திருந்தன. வெறும் தண்ணீரில் நனைத்தவற்றில் வேர்கள் நீண்டிருந்தன, ஆனால் கிளைக்கவில்லை. தழையின் நிறத்தில் இரண்டுக்கும் வேறுபாடு இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். சில தொட்டிகளை வைத்துக்கொண்டு திட்டவட்டமாக எதையும் நிறுவ முடியாது. ஆயினும் நைட்ரஜனால் வந்த பலன் என்றால் அது இலையில் தெரிந்திருக்கும், ஆக்சினால் வந்ததென்றால் வேரில் தெரியும் என்ற கணக்கோடு நான் கண்டது ஒத்துப்போகிறது. அளவு மிஞ்சினால் ஆக்சின் வேரின் நீட்சியைக் குறுக்கிவிடும் என்பதால், "அதிகம் ஊற்றினால் அதிகப் பலன்" என்ற எண்ணத்தோடு யாரும் புட்டியைக் கவிழ்க்க வேண்டாம்.

உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்த்தேன். நைட்ரஜன் இல்லாத, மாலிக் அமிலம் சேர்த்த, பாதி இறுகிய கூழ்போன்ற ஊடகத்தில் ஒரு சொட்டு விட்டு அசையாமல் வைப்பது டோபரைனர் வழிவந்த சோதனை. உயிருள்ள அசோஸ்பைரில்லம், மேற்பரப்பிலும் இல்லாமல் அடியிலும் இல்லாமல், சில மில்லிமீட்டர் ஆழத்தில் மெல்லிய வெண்படலமாகத் திரளும். தனக்கு மூச்சுவிடப் போதுமான ஆக்சிஜனும், நைட்ரோஜனேஸ் கெடாத அளவுக்கு அதன் குறைவும் சந்திக்கும் இடத்தை அது நீந்திச்சென்று கண்டுபிடிக்கிறது. நிறங்காட்டி சேர்த்ததால் பசுமையாக இருந்த ஊடகம், அவ்வுயிர் மாலிக் அமிலத்தை உண்டு காரத்தன்மை ஏறஏற நீலமாக மாறுகிறது. சோதனைக் குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து அந்தப் படலத்தைப் பார்ப்பது, எத்தனை ஆண்டுகள் பாடம் நடத்தியவருக்கும் மகிழ்ச்சி தரும் காட்சி. என் புட்டியிலிருந்து படலம் திரண்டது. அதே தொகுப்பை வாங்கி, மேற்கு வெயில் படும் பால்கனியில் வைத்திருந்த நண்பர் ஒருவரின் புட்டியிலிருந்து எதுவும் திரளவில்லை. அசோஸ்பைரில்லத்துக்கு அகவித்து (சூட்டைத் தாங்கும் உறக்க வடிவம்) உருவாக்கும் மரபணுக்கள் கிடையாது. பிற்பகல் வெயிலில் ஒரு மூடிய சரக்கு வண்டியோ கண்ணாடி அடைத்த பால்கனியோ எவ்வளவு சூடேறும் என்பது நாம் அறிந்ததே. அந்தச் சூட்டைத் தாங்கி உறங்கிக்கிடக்க இவ்வுயிருக்கு வழியில்லை. வீட்டில் குளிர்பதனப் பெட்டியின் காய்கறித் தட்டில் வைப்பதுதான் பாதுகாப்பு. இதுவும் புட்டியில் அச்சிடப்படவில்லை.

பேசில்லஸ் பொடிக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. உணவு குறைந்து நெருக்கடி வரும்போது ஸ்போ-சீரோ-ஏ என்னும் புரதம் நூற்றுக்கணக்கான மரபணுக்களின் போக்கைத் திருப்ப, அவ்வுயிர் தன் டிஎன்ஏவைத் தடித்த உறைகளுக்குள் பூட்டிக்கொண்டு அகவித்தாக உறங்கிவிடுகிறது. அலமாரியிலும் கிடங்கிலும் வண்டியிலும் அப்படியே காத்திருக்கிறது. நம் ஊரின் தட்பவெப்பத்தில், நீண்ட தூரம் பயணித்து வரும் ஒரு நுண்ணுயிர்ச் சரக்குக்கு இதைவிடப் பெரிய தகுதி இல்லை என்றே நினைக்கிறேன்.

ஆனால் தொகுப்பில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று: இந்தப் பொட்டலத்தில் மட்டும் இனத்தின் பெயரோடு கிளைவகை எண்ணும் அச்சிடப்பட்டிருக்கிறது. வாங்குவோர் பலருக்கு அது வெறும் எழுத்தும் எண்ணுமாகத் தெரியலாம். அதன் அருமையைக் காட்ட ஒரே ஒரு எடுத்துக்காட்டுப் போதும். பேசில்லஸ் சப்டிலிஸ் 168 என்பது உலக ஆய்வகங்கள் அனைத்திலும் புழங்கும் கிளைவகை. அதன் முழு மரபணுத் தொகுதி 1997இல் வாசித்து வெளியிடப்பட்டது. சர்ஃபாக்டின் என்னும் சேர்மத்தைக் கட்டும் மரபணுக்கள் அதில் உள்ளன. ஆயினும் அது சர்ஃபாக்டினைச் சுரப்பதில்லை. எஸ்எஃப்பி என்னும் ஒரு சிறு மரபணு ஆய்வகத்தில் வளர்ந்த காலத்தில் பழுதாகிவிட்டதால், சர்ஃபாக்டின் கட்டும் பெரிய நொதிகள் இயக்கம் பெறாமலே கிடக்கின்றன. வேரின் மேல் படலமாகப் படிந்து வாழும் திறமையிலும் அது இயற்கையில் வாழும் தன் உறவினங்களுக்குப் பின்தங்கிவிட்டது. அதற்கு நேர்மாறாக, ஜெர்மனியில் ஆராயப்பட்ட பேசில்லஸ் வெலசென்சிஸ் எஃப்இசட்பி 42 என்னும் கிளைவகையின் மரபணுத் தொகுதி 2007இல் வெளியானபோது, சர்ஃபாக்டின், ஃபெஞ்சைசின், பேசில்லோமைசின் டி, டிஃபிசிடின், மேக்ரோலாக்டின் என்று நோய்க்கிருமிகளைத் தடுக்கும் சேர்மங்களைக் கட்டுவதற்கே அதன் கணிசமான பகுதி ஒதுக்கப்பட்டிருப்பது தெரியவந்தது. இனப்பெயர் மட்டும் அச்சிட்ட பொட்டலத்தில், படைக்கலம் நிறைந்த காட்டு வகை இருக்கலாம். ஆய்வகத்தில் வளர்ந்து கூர்மழுங்கிய வகையும் இருக்கலாம். கிளைவகை எண் இருந்தால்தான் நாம் தேடிப் படித்துத் தெளிய முடியும்.

பயனும் கண்ணுக்குத் தெரிந்தது. மழை விடாமல் பெய்யும் வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் மிளகாய், தக்காளி நாற்றுகள் அடித்தண்டு அழுகிச் சாய்வது எங்கள் தோட்டத்தில் ஆண்டுதோறும் நிகழ்வது. நாற்றுத் தட்டுகளில் பேசில்லஸ் பொடி கலந்த மண்ணில் முளைத்தவை பெரும்பாலும் நிமிர்ந்து நின்றன. கலக்காத தட்டில் வழக்கம்போல் இடைவெளிகள் விழுந்தன. மணிச்சத்தைக் கரைக்கும் என்று பொட்டலம் சொல்வதைப் பற்றி நான் அதிகம் கவலைப்படவில்லை. மக்கிய உரம் இட்ட தொட்டிகளில் மணிச்சத்துக்குப் பஞ்சம் வருவது அரிது. ஃபைட்டேஸ் நொதியின் மரபணு இருந்தால் கரிம வடிவில் கட்டுண்ட மணிச்சத்தைக் கொஞ்சம் விடுவிக்கும், அவ்வளவே.

மூன்றுக்கும் பொதுவான குறைகளுக்கு வருகிறேன். உயிரணு எண்ணிக்கை புட்டியில் மட்டும் உள்ளது, பொட்டலங்களில் இல்லை. இந்தியாவில் 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் 2006இல் உயிர் உரங்கள் சேர்க்கப்பட்டபோது, பொடி வடிவில் கிராமுக்கு 5 கோடி, திரவ வடிவில் மில்லிலிட்டருக்கு 10 கோடி உயிரணுக்கள் குறைந்தபட்சம் இருக்க வேண்டும் என்று வரையறுத்தார்கள். எங்கே தயாரான சரக்காயினும், அந்த எண்களை ஓர் அளவுகோலாக மனத்தில் வைத்துக்கொண்டு பொட்டலத்தைத் திருப்பிப் பார்க்கலாம். காலாவதித் தேதி மூன்றிலும் இருக்கிறது, உற்பத்தித் தேதி ஒன்றில்கூட இல்லை. உயிருள்ள சரக்கில் உற்பத்தித் தேதிதான் முதன்மையானது.

எண்ணிக்கை போதுமானதாக இருந்தாலும் தரம் போதாமல் போகக்கூடும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பலரும் நம்பிப் பயன்படுத்தும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் இனத்தில் இது நன்கு ஆராயப்பட்டிருக்கிறது. கேக்-எஸ், கேக்-ஏ ஆகிய இரண்டு மரபணுக்கள்தாம் நோய்க்கிருமிகளைத் தடுக்கும் சேர்மங்களின் உற்பத்திக்கே தலைமை தாங்குகின்றன. சத்து மிகுந்த திரவத்தில் தலைமுறை தலைமுறையாக வளர்க்கும்போது, இவ்விரண்டில் ஒன்று பழுதான உயிரணுக்கள் தாமாகத் தோன்றி, அந்தச் சேர்மங்களுக்குச் செலவிடாமல் மிச்சம்பிடித்த ஆற்றலால் மற்றவற்றை முந்திப் பெருகுகின்றன. எண்ணினால் எண்ணிக்கை குறையாது. வேலை செய்யும் திறன் மட்டும் வடிந்திருக்கும். தாய் வளர்ப்பை உறைநிலையில் பாதுகாத்து, ஒவ்வொரு தயாரிப்பையும் அதிலிருந்தே தொடங்குகிறோம் என்று சொல்லக்கூடிய தயாரிப்பாளரை நாம் தேட வேண்டியது இதனால்தான். ஊரிலிருந்து சூடோமோனாஸ் பொட்டலத்தைப் பெட்டியில் வைத்து எடுத்துவர நினைப்பவர்கள், உயிருள்ள நுண்ணுயிர்களைக் கொண்டுவருவதற்கான விதிகளைத் தேசியப் பூங்காக் கழகத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளவும்.

வெளிநாட்டுச் சரக்குகளையே பேசிக்கொண்டிருக்கும்போது, இத்துறையில் சிங்கப்பூரிலேயே நடந்த வேலை ஒன்றையும் குறிப்பிட விரும்புகிறேன். டெமாசெக் உயிர் அறிவியல் ஆய்வகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், காட்டாமணக்கின் இலைகளில் வாழும் மெத்திலோபாக்டீரியம் நைட்ரஜனை நிலைப்படுத்துவதையும், செடியின் வளர்ச்சியையும் விதை விளைச்சலையும் உயர்த்துவதையும் 2015இல் ஆய்விதழில் வெளியிட்டார்கள். வேரை மட்டுமே பார்த்துப் பழகிய நம் கண்களை இலைக்குத் திருப்பிய ஆய்வு அது. இந்த வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் பழகிய உள்ளூர்க் கிளைவகைகள் ஒருநாள் இதே இணையக் கடைகளில் கிடைக்குமானால், அவற்றை வாங்க நான் முதல் வரிசையில் நிற்பேன்.

விற்பவருக்கு இக்குறைகளை எழுதி அனுப்பியிருந்தேன். மரியாதையாகவும் விரைவாகவும் பதில் வந்தது: திரவ உரத்துடன் கலக்கலாம் என்ற குறிப்பைத் திருத்துவதாகச் சொன்னார்கள், கறுப்புப் பொடியின் கிளைவகை எண்ணைத் தயாரிப்பாளரிடம் கேட்டுச் சொல்வதாகவும் எழுதியிருந்தார்கள், அது இன்னும் வரவில்லை. மூன்றையும் தனித்தனியாகவும் விற்கிறார்கள் என்பது அந்தப் பதிலில்தான் தெரிந்தது. நாற்றுப் போடுவோர் பேசில்லஸ் பொடியைத் தயங்காமல் வாங்கலாம். பயற்றங்காயோ சிறகவரையோ புதுத் தொட்டியில் விதைப்போர் கறுப்புப் பொடியையும் சேர்த்துக்கொள்ளலாம், உரம் கலந்த மண்ணைத் தவிர்த்துவிட்டு. அசோஸ்பைரில்லம் திரவத்தை, துண்டு நட்டு வளர்ப்போர் வாங்கலாம். ஆனால் உற்பத்தித் தேதியைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பொட்டலம் வீட்டுக்கு வரும் நாளில் அதை வாசலில் கிடக்க விடாமல் உடனே எடுத்துக் குளிர்பதனப் பெட்டியில் வைக்க ஆள் இருந்தால் மட்டும்.